முழங்கையைப் பிடிக்கிற டாக்டர்

வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவர் கை நம் முழங்கைக்கு வந்துவிடும். கை குலுக்கத்தான் வருகிறார் என்று நினைத்து நீட்டினால், விரல்களை விட்டுவிட்டு மேலே ஏறி, முழங்கைக்குப் பின்னால் இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தில் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக உருட்டுவார். எங்கேயாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் சுரீரென்று ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு. அது நூல் மாதிரி இருக்கிறதா, கயிறு மாதிரி தடித்துப் போயிருக்கிறதா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகுதான் அடுத்த வார்த்தை பேசுவார்.

நான் பிசியோதெரபிஸ்ட். திருக்கோகர்ணத்தில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்துத் தொழுநோய் ஆராய்ச்சி தொடங்குகிறார்கள், ஆள் தேவை என்று கேள்விப்பட்டு நேர்காணலுக்குப் போனேன். என் சான்றிதழ்களை அவர் பிரிக்கவே இல்லை. இரண்டு முழங்கை, கழுத்தின் பக்கவாட்டு, முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் என்று தொட்டுப் பார்த்தார். “ஒங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா. எப்ப வந்து சேர்றீங்க?” என்றார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அன்றைக்கு ஆரம்பித்த ‘ஸ்டெல்லாக்கா’ கடைசிவரை மாறவில்லை. நான் அவரை டாக்டர் என்றேன். ஊர்க்காரர்களுக்கு டாக்டரம்மா.

அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. அந்த அலுவலகத்தில் அவருடைய நாற்காலியில் அவருடைய பைதான் உட்கார்ந்திருக்கும். ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டே சாப்பிடுவார், நின்றுகொண்டே கம்ப்யூட்டரில் தட்டுவார், டீயை வாங்கி எங்கேயோ வைத்துவிட்டு அது ஆறிப்போன பிறகு தேடுவார். ஒருமுறை டவுன் பஸ்ஸில் டிக்கெட் நீட்டிய கண்டக்டரின் கையைப் பிடித்துவிட்டார். அவர் பதறிப்போய், “என்னங்க மேடம், பாக்கிய கரெக்டாத்தானே குடுத்தேன்?” என்றார். பஸ்ஸே சிரித்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. நரம்பு சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் கையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எதற்கு இந்த அவசரம் என்று நானே ஒருநாள் கேட்டேன்.

“கிருமிக்கு அவசரமே இல்லக்கா. ஒண்ணு ரெண்டாகறதுக்கே ரெண்டு வாரம் எடுத்துக்கும், அவ்வளவு சோம்பேறி. நரம்பச் சுத்தி இருக்கிற செல்லுக்குள்ள பூந்துக்கிட்டு வருசக்கணக்கா பேசாம இருக்கும். நெறையப் பேருக்கு ஒடம்பே அத அடிச்சு வெரட்டிரும், வந்ததே தெரியாது. சில பேருக்குத்தான் தங்கிரும். அப்புறம் ஒருநாள் ஒடம்பு முழிச்சுக்கும். உள்ள ஆளு இருக்குன்னு தெரிஞ்சு மொத்தப் படையும் கெளம்பி வந்து அடிக்கும். அந்த அடியிலதான் நரம்பு போகுது. கிருமி தின்னது கொஞ்சம். நம்ம படை ஒடச்சதுதான் நெறைய.”

“மருந்து குடுத்துட்டா?”

“மருந்து கிருமியக் கொன்னுரும். செத்த கிருமியப் பாத்தும் படை வரும். மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே கை விழுந்துரும். கொஞ்ச மாசத்துக்குள்ள புடிச்சுட்டா திருப்பிக் கொண்டாந்துரலாம். விட்டுட்டா அவ்வளவுதான்.”

யாருக்கு அந்தச் சண்டை வரப்போகிறது என்பதை ஒரு சொட்டு ரத்தத்தில் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்காகத்தான் நாங்கள் ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்தோம், நைலான் இழையால் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் தொட்டுத் தொட்டு உணர்ச்சி பார்த்தோம்.

முழங்கையைப் பிடிக்கிற அவருடைய பழக்கம் எல்லா இடத்திலும் சிரிப்பில் முடியவில்லை. ஈஸ்டருக்கு அவரை ஆவூரில் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். வாசலில் வரவேற்ற என் மாமனாரின் முழங்கையைப் பிடித்தார். மாமனார் அதை ஏதோ மரியாதை என்று நினைத்து இன்னொரு கையையும் நீட்டினார். சாப்பிடும்போது என் மாமியார், “எதுக்கும்மா கையைப் பிடிச்சுப் பாத்தீங்க?” என்று கேட்க, டாக்டர் உள்ளபடியே சொல்லிவிட்டார். டாக்டர் போன பிறகு மாமியார், அவர் குடித்த டம்ளரை மட்டும் எடுத்துக் கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைத்தார். “நல்ல பொண்ணுதான். ஆனா நாளெல்லாம் அவுகளத் தொட்டுட்டு வர்ற கை பாரு” என்றார். நானும் அதே ஆட்களைத் தொட்டுவிட்டு வருகிற கைதான் என்று சொன்னேன். “நீ சோப்புப் போட்டுக் கழுவுறேல்ல” என்றார்.

சித்தன்னவாசலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன், ஒருநாளாவது அவர் வேலையை மறக்கட்டும் என்று. குகைக்குள் எல்லோரும் அண்ணாந்து கூரையில் தீட்டியிருந்த தாமரைக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பார்த்தது டார்ச் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தவரின் கையை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. வெளியே வந்ததும் அவரைத் தனியாக அழைத்துப்போய்க் கண்ணை மூடச் சொல்லி, பேனா மூடியால் தொட்டு, அரைமணி நேரம் விடவில்லை. கடைசியில், சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை உடைந்ததில் வந்த குழி அது என்று தெரிந்தது. “இத முன்னாடியே கேட்டிருந்தா சொல்லிருப்பேன்ல?” என்று அவர் எரிந்து விழுந்தார். டாக்டருக்கு அவ்வளவு சந்தோஷம். திரும்பி வரும் வழியெல்லாம், “சைக்கிள்தானாம்க்கா, சைக்கிள்தானாம்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். தாமரைக் குளம் எப்படி இருந்தது என்று கேட்டேன். “எந்தக் குளம்?” என்றார்.

நோயோடு ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தோம், கீரமங்கலம் பூ மார்க்கெட்டில். உண்மையான பெயரை எழுத மாட்டேன், செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவோடு பூக்கடையில் உட்கார்ந்து மல்லிகை கட்டுகிற பெண், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். வலது முன்கையில் வெளிறிய திட்டு ஒன்று இருந்தது. தேமல் என்று நினைத்து ஏதோ களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டோம். திட்டைச் சுற்றித் தொட்ட இடமெல்லாம் சரியாகக் காட்டினாள். திட்டுக்கு உள்ளே தொட்டபோது, இன்னும் தொடவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தாள்.

மருந்து ஆரம்பித்தோம். வீட்டில் தோல் அலர்ஜி என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள். மாத்திரையால் நிறம் கொஞ்சம் கருத்தது. அதற்கும் வெயில் என்று ஒரு காரணம் இருந்தது. சில மாதம் கழித்துத் திட்டு சிவந்து வீங்கியது. முழங்கை நரம்பு தொட முடியாத அளவுக்கு வலித்தது, சுண்டுவிரல் மரத்து உள்பக்கமாக மடங்கத் தொடங்கியது. டாக்டர் சொன்ன அந்தச் சண்டை. வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு கொடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், நடுவில் நிறுத்தவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினோம்.

அதே சமயத்தில்தான் எங்கள் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் வந்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆராய்ச்சியில் வேலை செய்கிற நாங்கள் எல்லோருமே ரத்தம் கொடுத்திருந்தோம். எனக்கு ஒன்றுமில்லை. டாக்டரின் ரத்தத்தில் அந்தக் கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்குகிற ஆன்டிபாடிகள் இருந்தன.

“இதுக்கு அர்த்தம் ஒங்களுக்கே தெரியுமே டாக்டர்” என்றேன்.

“தெரியும். எத்தன வீட்டுல நின்னு சொல்லிருக்கேன். கிருமி எப்பவோ வந்து எட்டிப் பாத்திருக்கு, ஒடம்பு அதக் கவனிச்சிருக்கு, இது நோய் இல்லன்னு.” முடிவுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். “சொல்றப்ப எவ்வளவு லேசா இருந்துச்சுக்கா.”

அதற்குப் பிறகு அவர் இன்னும் நிலையில்லாமல் ஆனார். பேசிக்கொண்டிருக்கும்போதே இடது கை வலது முழங்கைக்குப் போகும். ஜீப்பில் போகும்போது நைலான் இழையை என்னிடம் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை நீட்டுவார். நான் தொடுவேன். “தொட்டாச்சு” என்பார். மறுபடி தொடுவேன். “தொட்டாச்சு.” ஒருநாள் ஜீப் குழியில் இறங்கி ஏறியதில் இழை கையிலிருந்து நழுவிவிட்டது. குனிந்து அதைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடியபடியே, “தொட்டாச்சு” என்றார். கொஞ்சம் விட்டு, “தொட்டாச்சு” என்றார் மறுபடியும். நான் தொடவே இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து இழையைக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை.

செல்வி வர வேண்டிய நாளில் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். டாக்டர் அன்றைக்கே ஜீப்பை எடுக்கச் சொன்னார். வீட்டு வாசலில் அவளுடைய அப்பா எங்களை உள்ளே விடவில்லை. சத்தமும் போடவில்லை. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு அடிக்குரலில் பேசினார்.

“அம்மா, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். பிள்ளைக்கி ஆலங்குடியில மாப்பிள்ள பேசி முடிச்சிருக்கு. அந்த மாத்திரையில மொகம் உப்பி வருதுன்னு நிறுத்தியாச்சு. நீங்க இந்த வண்டியில வந்து இங்கிட்டு நிக்கிறது, வீட்டுல நோட்டீஸ் ஒட்டுன மாதிரி இருக்கும்மா.”

“நிறுத்தக் கூடாதுங்க. கை போயிரும்.”

“கல்யாணம் போயிருச்சுன்னா?”

டாக்டர் திரும்பி வந்து ஜீப்பில் ஏறாமல் சாலை ஓரத்திலேயே அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகொண்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் வந்தார்.

மறுநாள் காலை அவர் அலுவலகத்துக்கு வரவில்லை. போன் செய்தேன். பின்னால் ஒரே இரைச்சல். “மார்க்கெட்டுல இருக்கேன்க்கா. பஸ்ல வந்தேன். பூ வாங்கிக்கிட்டு இருக்கேன்.” தலையில் பூ வைத்து நான் ஒருநாளும் பார்க்காத பெண் அவர். அன்றிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கீரமங்கலத்துக்கு பஸ் ஏறினார். ஒருமுறை நானும் கூடப் போனேன். செல்வியின் கடை முன்னால் போய், விரித்திருந்த சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு, “கட்டச் சொல்லிக் குடு” என்று அவளிடம் நூலை வாங்கினார். அப்பா வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சொல்லிக் கொடுக்கிற சாக்கில் அவள் கை இவர் கையில் இருந்தது. பேரம் பேசுகிற சாக்கில் முழங்கையைப் பிடித்தார். பூப்பொட்டலம் இந்தப் பக்கம் வர, மாத்திரை அட்டை அந்தப் பக்கம் போனது. டாக்டர் கட்டிய பூ ஒவ்வொன்றும் நூலிலிருந்து உருவிக்கொண்டு வந்தது.

“டாக்டரம்மா, இப்படிக் கட்டுனா யாரும் வாங்க மாட்டாக” என்று செல்வி சிரித்தாள்.

“நீ இந்த வெரல நீட்டிக் காட்டு, நான் ஒழுங்காக் கட்டுறேன்.”

அவள் நீட்டினாள். முழுதாக நீளவில்லை. ஆனால் போன வாரத்தைவிட நீண்டது என்று டாக்டர் திரும்பி வரும்போது சொன்னார். சொல்லிவிட்டு, அது நிஜந்தானா, தனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று என்னிடமே கேட்டார்.

மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தது செல்விதான். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. போனில் சொன்னாள். ஆலங்குடியில் மொபைல் கடை வைத்திருக்கிற பையன் அவன். அடுத்த நாளே எங்கள் மாடிப்படி ஏறி வந்துவிட்டான். ராத்திரி முழுக்க போனில் படங்களாகப் பார்த்துத் தள்ளியிருக்கிறான் என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது. விரல் இல்லாத கைகள், மூக்கு அமுங்கிய முகங்கள்.

“இப்படி ஆகுமாங்க அவளுக்கு?” என்று ஒரு படத்தைக் காட்டினான்.

“ஆகாது. சீக்கிரமே கண்டுபிடிச்சாச்சு, மருந்து உள்ள போகுது. கை கொஞ்சம் பாக்கியிருக்கு, அதுவும் வந்துக்கிட்டு இருக்கு.”

“எனக்கு ஒட்டுமா?”

“மருந்து ஆரம்பிச்ச பெறகு அவகிட்டருந்து பரவாது.”

அவன் கொஞ்சம் ஆறுதலானது போலிருந்தது. பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டான்.

“நீங்க எத்தனையோ வருசமா இவுகளத் தொட்டுக்கிட்டே இருக்கீங்க. ஒங்களுக்கு வரலைல்ல?”

வரவில்லை என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. நான் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை முழங்கைக்குப் போயிற்று.

“நோய் வரல. ஆனா கிருமி வந்து போன அடையாளம் என் ரத்தத்துல இருக்கு. தேடிப் பாத்தா இந்த ஊர்ல பஸ்ல போறவங்க, கடையில நிக்கிறவங்க எத்தனையோ பேருக்கு இருக்கும். ஒங்களுக்கும் இருக்கலாம். அது ஒண்ணும் செய்யாது. இதத்தான் நான் எல்லாருக்கும் சொல்றேன். எனக்கு வந்தப்ப நானே தூங்கல. அதனால நீங்க பயப்படுறது எனக்குப் புரியுது.”

அவன் எழுந்து போனான். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கீழே பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

“அத எதுக்கு டாக்டர் சொன்னீங்க?” எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. “அவன் கேட்டதுக்கு இல்லன்னா இல்ல, அவ்வளவுதானே?”

“அவன் நாளைக்கி வேற எங்கயாச்சும் படிச்சுட்டு, அந்த டாக்டரு பாதியத்தான் சொல்லுச்சுன்னு நெனச்சான்னா, நான் சொன்ன மத்தது எதையும் நம்ப மாட்டான்க்கா.” சொல்லிவிட்டு அறைக்குள் நடக்கத் தொடங்கினார். “தப்பாச் சொல்லிட்டேனோ?” என்று அன்று மாலைவரை என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவனிடமிருந்து செல்விக்கும் போன் வரவில்லை. ஒரு வாரத்துக்கும் மேல் ஆயிற்று. டாக்டர் மார்க்கெட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது செல்வி கையை நீட்டினாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. “ஒரு பொய் சொல்லிருக்கலாம்ல” என்று மட்டும் சொன்னாளாம். அந்த நாட்களில் டாக்டரோடு ஒரே அறையில் இருப்பதே கஷ்டமாக இருந்தது. எதையாவது எடுப்பார், வைப்பார், போனைப் பார்ப்பார். ஆராய்ச்சியும் அவர் நினைத்த திசையில் போகவில்லை. சண்டை வந்தவர்களின் ரத்தத்துக்கும் வராதவர்களின் ரத்தத்துக்கும் அவர் எதிர்பார்த்த வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. திட்டத்தை நீட்டிக்கப்போவதில்லை என்றும் பேச்சு வந்தது. அவரோ செல்வியைப் பற்றித்தான் பேசினார்.

பிறகு ஒருநாள் அந்தப் பையன் மறுபடி வந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நேராக டாக்டர் முன்னால் போய்ச் சட்டைக் கையை மடித்து முழங்கையை நீட்டினான்.

“எனக்கும் பாருங்க.”

டாக்டர் பார்த்தார். இரண்டு கையும் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார்.

“கல்யாணம் நடக்கும்ங்க. எங்க ஆத்தாவுக்கு, மத்தவங்களுக்கு எதுவும் தெரியாது. தெரிய வேண்டாம்னு நானும் அவளும் பேசிக்கிட்டோம்.” மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டான். “டாக்டர், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே. ஒங்களக் கூப்புடணும்னு செல்விக்கு ரொம்ப ஆச. ஆனா ஒங்க மொகத்த இங்கிட்டுப் பாதிப் பேருக்குத் தெரியும். நீங்க எதுக்குப் போவீங்கன்னும் தெரியும். கல்யாணத்துக்கு மட்டும் நீங்க வராதீங்க.”

“சரி” என்றார் டாக்டர் உடனே. “ஸ்டெல்லாக்காவும் வர மாட்டாங்க.” பிறகு, “மாத்திரை இன்னும் கொஞ்ச நாளு பாக்கி இருக்கு. கல்யாண அலைச்சல்ல விட்டுராம நீங்க பாத்துக்கங்க” என்றார். அவன் தலையாட்டினான். போகும்போது இந்த முறை சொல்லிக்கொண்டு போனான்.

கல்யாணத்தன்று நாங்கள் அன்னவாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். டாக்டர் காலையிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி முழங்கையைத் தொட்டுப் பார்த்தார், தொட்டவர்களையே மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார். முகூர்த்த நேரம் தாண்டி, மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு அவருடைய போன் அடித்தது. செல்வி. ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் நாதஸ்வரச் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன. அவள் எங்கேயோ ஒதுங்கி நின்று அவசரமாகப் பேசினாள்.

“டாக்டரம்மா, மணவறையச் சுத்தி வந்தப்ப எஞ் சுண்டு வெரலப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. சோத்தாங்கை. புடிச்சது தெரிஞ்சுச்சு டாக்டரம்மா. அவரு கை வேர்த்திருந்துச்சு, அதுகூடத் தெரிஞ்சுச்சு.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டாக்டர் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“லேசாப் புடிச்சாரா, அழுத்திப் புடிச்சாரா?”

அந்தப் பக்கம் செல்வி சிரிக்கிற சத்தம். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், போன் வைக்கப்பட்டது.

டாக்டர் அணைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பும் இருந்தது, அந்தத் தவிப்பும் அப்படியே இருந்தது.

“பதிலே சொல்லலையேக்கா. அழுத்திப் புடிச்சா எல்லாருக்குந்தான் தெரியும். லேசாப் புடிச்சதே தெரிஞ்சுச்சான்னு தெரியணும்ல?” என்றார்.